மாற்றுவதற்கு முன் கேளுங்கள்

ஃபைபர் வலையமைப்பைக் கட்டளை வரியில் நிர்வகிக்கும் வேலையில் கைவேகத்துக்குப் பெரிய மதிப்பில்லை. எதையும் மாற்றுவதற்கு முன் கருவியிடம் என்ன கேட்கிறோம், வந்த பதிலை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் தொழில் இருக்கிறது. மலேசியாவின் பேராக்கில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. ஈப்போவின் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், வீடுகள் நெருக்கமாக இருக்கும். சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களிலோ கம்பி தூண் தூணாகச் செம்பனை ஓரம் நீண்டு போகும். அங்கே காரணம் தெரியாமல் ஆளை அனுப்பினால் பொழுது வீணாகும். அதுவரை ஒரு பிள்ளையின் பாடமும் ஒரு குடும்பத்தின் சிறுவியாபாரமும் நின்றிருக்கும்.

வீடுகளுக்கு ஒளியை அனுப்பும் நிலையக் கருவியான ஹுவாவெய் ஓ.எல்.டி.யில் ‘டிஸ்ப்ளே ஓஎன்டி இன்ஃபோ’ என்று கேட்டால், வீட்டு மோடம் கடைசியாக ஏன் விழுந்தது என்று சொல்லும். ‘டையிங் காஸ்ப்’ என்று வந்தால் மோடத்துக்கு மின்சாரம் போயிருக்கிறது; அணையும் முன் அதுவே அனுப்பிவிட்டுப் போகும் செய்தி அது. ‘லாஸ்’ வகை என்றால் ஒளி வந்து சேரவில்லை. ஒரு போர்ட்டின் ஒளியை ஸ்ப்ளிட்டர் 32 வீடுகளுக்குப் பிரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 32 வீடுகளும் ஒன்றாக ஒளி இழந்தால் ஸ்ப்ளிட்டரிலோ அதற்கு முன்னாலோதான் கோளாறு இருக்க வேண்டும். ஒரு வீடு மட்டும் என்றால் அந்த வீட்டுக்குப் போகும் கம்பியைப் பார்க்க வேண்டும். அடுத்துக் கேட்க வேண்டியது ஒளியின் அளவைச் சொல்லும் ‘ஆப்டிகல் இன்ஃபோ’. ஜிபான் எனும் ஃபைபர் முறையில் வீட்டுக்கு இறங்கும் ஒளி 1490 நானோமீட்டர், ஏறும் ஒளி 1310. நல்ல கம்பியில் 1310-க்குத்தான் இழப்பு சற்று அதிகம். கம்பி எங்காவது இறுக்கமாக மடிந்தால் நிலைமை தலைகீழாகும். நீண்ட அலைதான் அதிகமாகக் கசியும். இரு திசையிலும் அனுப்பிய அளவையும் வந்த அளவையும் கழித்துப் பார்த்து, இறங்கும் ஒளிக்கு இழப்பு தெளிவாகக் கூடுதல் என்றால், கனெக்டரைத் துடைப்பதை விட்டு மடிப்பைத் தேடச் சொல்லலாம். கருவியின் அளவீட்டிலேயே சில டெசிபல் பிழை இருக்கக்கூடும் என்பதால் சிறு வித்தியாசங்களை நம்பக் கூடாது.

இதையெல்லாம் வண்ணத் திரை மென்பொருள் காட்டாதா என்று கேட்பார்கள். காட்டும், ஆயிரக்கணக்கான வீடுகளைக் கண்காணிக்க அதுதான் சரி. ஆனால் திரை பச்சையா சிவப்பா என்று மட்டும் பார்ப்பவருக்கு ஒன்று தப்பிவிடும். பி பிளஸ் வகை மோடம், வந்து சேரும் ஒளி −27 டிபிஎம் வரை குறைந்தாலும் தாங்கும். நேற்று −20-இல் இருந்த வீடு இன்று −25-க்கு வந்தாலும் பச்சைதான். ஒளியோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அந்த வீடு அடுத்த மழைக்கே விழலாம். கட்டளை வரி ஆபத்து என்ற மறுப்பு இதைவிட வலுவானது. தவறான போர்ட்டை மூடினால் 32 வீடுகளும் இருளும். அதற்கு வழி, பார்க்க மட்டும் அனுமதிக்கும் கணக்கைத் தனியாக வைப்பது. ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக் போன்ற இடங்களில் படித்து வரும் இளைஞருக்கு முதல் நாளே அந்தக் கணக்கைத் தரலாம். மாற்றும் உரிமை, பதிலைப் படித்துக் கோளாறு எங்கே என்று எழுத்தில் காட்டிய பிறகு வரட்டும்.