தூரத்துக் கணினி

2022 ஜூன் 27 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்பட்டது. பசறையிலிருந்து பதுளைக்குச் செல்ல வழியின்றி, கந்தோர்க் கணினியை இணையவழியே வீட்டிலிருந்து இயக்கிப் பணியாற்றி வந்தேன். தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பட்டியல் அக்கணினியில்தான் இருந்தது.

சம்பளத்துக்கு இரு தினங்கள் இருக்கையில், ஒரு காலை இணைப்புக் கிட்டவில்லை. ரௌட்டரை அணைத்து ஏற்றினேன், கடவுச்சொல்லைச் சரிபார்த்தேன், பயனில்லை. முப்பதாண்டு கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மா, தேநீருடன் வந்து, "தம்பி, அங்கிட்டு கரண்டு இருக்கா?" என்றார்.

நாணிப்போனேன். உடனே கந்தோர்க் காவலாளியைத் தொலைபேசியில் அழைத்தேன். முன்னிரவு மின்வெட்டில் அணைந்த கணினி, மின்சாரம் மீண்ட பின்னும் அணைந்தே கிடந்தது. அணைந்த கணினியை எந்தக் கடவுச்சொல்லும் எழுப்பாதன்றோ! அவர் பொத்தானை அழுத்தினார்; இணைப்பும் வந்தது. மாலைக்குள் பட்டியல் முடிந்தது.

பின்னர் பதுளை சென்றதும், மின்சாரம் மீண்டவுடன் கணினி தானே இயங்குமாறு அதன் பயோஸ் அமைப்பில் மாற்றினேன்.

அம்மாவுக்குக் கணினி தெரியாது. ஆயினும், பெரட்டுக்களத்திற்கு ஓர் ஆள் வராவிடின், குறை கூறுமுன் லயத்தில் என்ன நேர்ந்ததென்று கேட்டறிந்து பழகியவர் அவர்.