எட்டு மாநிலமும் ஒரு துப்பாக்கியும்

போன வருஷம் அக்கா மகன் டாலஸிலிருந்து போன் பண்ணினான்.

"மாமா, நியூஜெர்சிக்கு வீடு மாத்தறோம். சாமானெல்லாம் கட்டியாச்சு. ஒண்ணுதான் பிரச்னை. துப்பாக்கி."

எனக்குக் காபி புரையேறியது. எங்கள் குடும்பத்தில் அதிகபட்ச ஆயுதம் அரிவாள்மணைதான்.

"உனக்கு எதுக்குடா அது?"

பக்கத்து வீட்டில் ராத்திரி திருடன் புகுந்த மறுவாரம் வாங்கினானாம். டெக்ஸாஸில் அது பெரிய விஷயமில்லை. துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயது நிரம்பி, சட்டப்படி தடை ஏதும் இல்லாதவர்கள் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பு உறையில் வைத்துக்கொண்டு நடமாடலாம். இவன் ஒழுங்குப் பிள்ளை. லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தான்.

"அப்புறம் என்ன? அதான் லைசென்ஸ் இருக்கே?"

"அங்கதான் மாமா சிக்கல்."

டெக்ஸாஸ் டிரைவிங் லைசென்ஸை வைத்துக்கொண்டு அமெரிக்கா முழுக்கக் காரோட்டலாம். துப்பாக்கி லைசென்ஸ் அப்படியில்லை. சில மாநிலங்கள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும். நியூஜெர்சி எந்த மாநிலத்து லைசென்ஸையும் ஏற்காது. அனுமதியில்லாமல் கைத்துப்பாக்கியோடு மாட்டினால் 5 முதல் 10 வருஷம் வரை ஜெயில். 2013-ல் பென்சில்வேனியாக்காரப் பெண் ஒருவர், தன் ஊர் லைசென்ஸ் செல்லும் என்று நம்பி, காரை நிறுத்திய போலீஸிடம் தானே 'துப்பாக்கி இருக்கிறது' என்று சொல்லிக் கைதானார். 2015-ல் கவர்னர் மன்னிப்பு வழங்கித்தான் மீண்டார்.

குடிபெயர்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. 2022-ல் வந்த நியூஜெர்சி சட்டப்படி, 60 நாளுக்குள் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும். 10 குண்டுக்கு மேல் கொள்ளும் மேகஸின்களை அந்த மாநிலம் 2018-லேயே தடை செய்துவிட்டது. வெளியே எடுத்துப்போக வேண்டுமானால் தனி அனுமதி, புதிதாக.

ஆனால் முதலில் ஊர் போய்ச் சேரவேண்டுமே? வழியில் அர்கான்ஸா, டென்னஸி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, மேரிலாண்ட், பென்சில்வேனியா. புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் சேர்த்தால் எட்டு மாநிலம், எட்டுச் சட்டம். 1986-ன் மத்திய சட்டம் ஒன்று வழிப்போக்கருக்குப் பாதுகாப்பு தருகிறது. துப்பாக்கியில் குண்டு இருக்கக்கூடாது, கைக்கு எட்டக்கூடாது, டிக்கியில் இருக்கவேண்டும்.

"பிறகென்ன, டிக்கியில போட்டுப் பூட்டு."

"ரெண்டு ராத்திரி ஓட்டல்ல தங்கணும் மாமா."

2005-ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போன ஒருவர், வழியில் பயணம் தடைப்பட்டு, நியூஜெர்சியின் நியூவர்க் விமான நிலையம் அருகே ஓட்டலில் தங்கினார். துப்பாக்கி பூட்டிய பெட்டியில்தான் இருந்தது. மறுநாள் விமான நிலையத்தில் கைது! ராத்திரி பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் மத்திய சட்டம் காப்பாற்றாது என்று 2010-ல் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது.

ஆக, ரூமுக்கு எடுத்துப் போனால் சட்டம் பயம். காரிலேயே விட்டால் திருட்டு பயம். திருடனுக்குப் பயந்து வாங்கிய பொருளைத் திருடன் கொண்டுபோய்விட்டால்?

எனக்குப் பெரியப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஞாபகம் வந்தது. காட்டுப்பன்றிக்காக வாங்கியது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிவருவார். ஒரு தேர்தலுக்குப் பிறகு லைசென்ஸோடு சரண்டர் செய்துவிட்டார். கேட்டதற்கு, "அது இங்க இல்லாத ஒரு மாசம் நல்லாத் தூங்கினேன்" என்றார். அவனிடம் சொன்னேன்.

"உங்களுக்கென்ன மாமா, அது பன்னி" என்றான்.

பத்து நாள் கழித்து நியூஜெர்சியிலிருந்து போன். டாலஸிலேயே ஒரு டீலரிடம் விற்றுவிட்டானாம். புது வீடு வசதி, ஸ்கூல் பக்கம்.

"ராத்திரி தூக்கம் வருதா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"முதல் நாள் நாலு தடவை எழுந்து கதவைப் பார்த்தேன் மாமா."

"நேத்து?"

"ரெண்டு தடவை."

பரவாயில்லை, குறைகிறது.