சிவாஜி பார்க்கில் ஒரு கம்பம்

தாதர் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கி, சாமந்திக் குவியல்களையும் காய்கறிக் கூடைகளையும் தாண்டிக் கடல் இருக்கும் திசையில் நடந்தால் கால் மணி நேரத்தில் சிவாஜி பார்க் வந்துவிடும். 1925-ல் மாஹிம் பார்க் என்ற பெயரில் திறக்கப்பட்டது. சிவாஜி பிறந்து முந்நூறு ஆண்டு ஆனதையொட்டி 1927-ல் பெயர் மாறியது. சுமார் 28 ஏக்கர். சுற்றிலும் ஒரு குட்டைச் சுவர். 'கட்டா' என்கிறார்கள். மாலையில் அதில் இடம் பிடிக்க ஓய்வூதியக்காரர்களுக்கும் காதலர்களுக்கும் மௌனப் போட்டி நடக்கிறது.

ரமாகாந்த் அச்ரேக்கரிடம் டெண்டுல்கர் ஆட்டம் பயின்ற மண் இது என்பதால், வெளியூர்க்காரர்கள் கிரிக்கெட் வலைகளின் அருகிலேயே நின்றுவிடுகிறார்கள். நானும் என் மகனும் ஜனவரி மாதத்து மாலை ஒன்றில் அவற்றைக் கடந்து மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் ஸ்ரீ சமர்த்த வியாயாம் மந்திருக்குப் போனோம். வியாயாம் என்றால் உடற்பயிற்சி. மந்திர், கோயில்தான்.

மகனுக்குப் பதினோரு வயது. டில்லியில் படிக்கிறான். போன வருடம் அவனை எடைக் கருவியில் நிறுத்திய டாக்டர், "பள்ளிக்கூடத்தில் விளையாடுவானா?" என்று கேட்டார். கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பீரியட் இருக்கிறதே என்றேன். மகன் திருத்தினான். ஒன்றைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறாராம். மற்றதில் 45 பேருக்கு ஒரு கால்பந்து. "நான் ஸ்கோர் எழுதுவேன்ப்பா" என்றான், ஏதோ பதவி கிடைத்த மாதிரி.

எனக்கும் பள்ளியில் பதவி இருந்தது. தஞ்சை மாவட்டத்துப் பள்ளியொன்றில் டிரில் மாஸ்டர் விசில் ஊதி வரிசை கட்டச் சொல்வார். தேறியவர்கள் கபடிக்குப் போவார்கள். தேறாதவர்கள் வேப்பமரத்தடியில் அவர்களுடைய செருப்புக்குக் காவல். அந்த நிழலில் கதைப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளினேன். பிற்பாடு தமிழ் எம்.ஏ. வரை போனதற்கு அந்த மரமும் ஒரு காரணம். நாற்பது தாண்டியதும் சர்க்கரை வந்ததற்கும் அதுதான் காரணமா என்று கேட்டால் டாக்டர் சிரிக்கிறார், பதில் சொல்வதில்லை.

வியாயாம் மந்திரில் முதலில் மூக்கில் ஏறுவது விளக்கெண்ணெய் வாசனை. தரையில் நட்ட மரக் கம்பம், இரண்டரை மீட்டர் உயரம், அடியில் பருத்து மேலே போகப் போக மெலிந்து, உச்சியில் ஒரு குமிழ். கிருஷ்ண ஜெயந்திக்கு நம் ஊரில் ஏறும் வழுக்கு மரம் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே எண்ணெய் ஆளைச் சறுக்க வைப்பதற்கு. இங்கே தோல் உராய்ந்து காயாமல் இருப்பதற்கு. இதுதான் மல்லகம்பம். மல்லன் ஏறிப் பழகும் கம்பம். பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் மல்யுத்த ஆசான் பாலம்பட்ட தாதா தேவதர் இந்தக் கலைக்குப் புத்துயிர் கொடுத்ததாக மராத்தியர்கள் சொல்வார்கள். விழுப்புரத்தில் இதையே 'மல்லர் கம்பம்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். 2019-ல் முதல் உலகப் போட்டி இதே சிவாஜி பார்க்கில் நடந்தது. இந்த மந்திரின் பயிற்சியாளர் உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பார்வையற்ற பிள்ளைகளையும் கம்பத்தில் ஏற்றியவர் அவர்.

கோப்பைகளைவிட என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு பிள்ளைகூடச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பத்துப் பேருக்கு ஒரு கம்பம். ஒருவர் ஏறி இறங்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. காத்திருப்பவர்கள் தண்டாலோ குட்டிக்கரணமோ போடுகிறார்கள். பக்கத்தில் தொங்கும் பருத்திக் கயிற்றில் சிறுமிகள் கால் விரலால் கயிற்றைக் கவ்வி மேலேறுகிறார்கள். சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் மூத்த பிள்ளைகள். ஒல்லி, குண்டு, குள்ளம், கண்ணாடி போட்டது எல்லாம் ஒரே வரிசையில். அணி என்று ஒன்று இல்லாததால் அணியில் தேறாதவன் என்றும் யாரும் இல்லை.

மகனும் ஏறிப் பார்க்கட்டும் என்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். சட்டையைக் கழற்ற வேண்டும். பத்து வினாடி அந்தக் கம்பத்தைவிடப் பெரிய தடை அதுவாகத்தான் இருந்தது. அருகில் நின்ற பதினாறு வயதுப் பெண் அவன் தயங்குவதைக் கவனிக்காத மாதிரி உள்ளங்கையில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். இரு கையாலும் கட்டிப்பிடித்தான், தொடைகளை இறுக்கினான், ஒரு முழம் ஏறினான், வழிந்து கீழே வந்தான். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பையன் ஏறப் போய்விட்டான். சிரிக்க நேரமில்லை. இவன் முறை திரும்ப வந்தது. ஒன்றரை முழம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும். தன் எடையைத் தானே தூக்குகிற கம்பமும் கயிறும் அந்த இரண்டாவது வகை. கிடைப்பது என்ன? அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட கணக்கில், 2016 நிலவரப்படி 11 முதல் 17 வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் உலக அளவில் 81 சதவிகிதம் பேருக்கு அந்த 60 நிமிடம் இல்லை. இந்தியப் பையன்களில் 72 சதவிகிதம். பல நாடுகளைவிட இது பரவாயில்லையாம். கிரிக்கெட் மோகம் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இந்தியச் சிறுமிகளின் நிலையும் மற்ற நாடுகளை ஒப்பிட்டால் அவ்வளவு மோசமில்லையாம். காரணம், வீட்டு வேலை! பாத்திரம் துலக்குவதும் தண்ணீர் சுமப்பதும் நம் பெண் குழந்தைகளின் உடற்கல்வி ஆகிவிட்டன.

சட்டத்தில் குறையில்லை. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் மைதானம் கேட்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளியில் உடல்நலத்துக்கும் உடற்கல்விக்கும் ஒரு பகுதிநேர ஆசிரியர் கேட்கிறது. அந்தப் 'பகுதிநேர'த்தில் வயிறு நிறையாமல் தமிழ்நாட்டில் ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதை வாசகர்கள் அறிவார்கள். சி.பி.எஸ்.இ. 2018-ல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தினமும் ஒரு விளையாட்டு பீரியட் என்று உத்தரவிட்டது. பீரியடைப் போடுவது சுலபம். 40 நிமிடத்தில் வரிசை கட்டவும் பெயர் கூப்பிடவும் பத்து நிமிடம். மிச்ச முப்பது நிமிடமும் ஒரே பந்தை ஆறேழு கெட்டிக்காரக் கால்கள் எடுத்துக்கொள்கின்றன. உடற்பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அவன் ஸ்கோர் எழுதுகிறான்.

எல்லாப் பள்ளியிலும் மல்லகம்பம் நட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கீழே மெத்தையும் பக்கத்தில் தெரிந்த ஆளும் இல்லாமல் நட்டால் கைதான் உடையும். கடன் வாங்க வேண்டியது அந்த ஏற்பாட்டை. சின்னக் குழு, சீக்கிரம் திரும்பி வரும் முறை, சொல்லித் தரும் மூத்த பிள்ளைகள். இதற்கு 28 ஏக்கர் வேண்டாம். மந்திரின் பிள்ளைகள் புழங்கும் இடம் அந்தப் பெரிய மைதானத்தின் ஒரு மூலைதான்.

இருட்டிய பிறகு மாதுங்காவில் என் அக்கா வீட்டுக்குத் திரும்பினோம். தோசையைப் பிய்க்கும்போது மகன் கையை முகர்ந்து பார்த்தான். எண்ணெய் போகவில்லை. "நாளைக்கும் போலாமாப்பா? இரண்டு முழம் ஏறிடுவேன்" என்றான். மும்பையில் இருந்த மிச்ச நான்கு நாளும் போனோம். கடைசி நாள் குமிழுக்கு ஒரு சாண் கீழே வரை போனான்.

டில்லி திரும்பியதும் அவன் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பந்துக்குப் பதிலாக நாலு கயிறு, நாலு பந்து, நாலு குழு. செலவில் பாதியைப் பெற்றோர்கள் சிலர் ஏற்கத் தயார் என்றும் குறிப்பிட்டேன். பண்பான பதில் வந்தது. யோசனை அருமையாம், ஆண்டுத் தேர்வு முடியட்டுமாம். அந்தத் தேர்வுக்காக இப்போது இரண்டு பீரியடையும் கணக்கு டீச்சரே எடுத்துக்கொள்கிறார். எங்கள் வீட்டுப் பால்கனிக் கம்பியில் மகன் ஒரு பழைய கயிற்றைக் கட்டியிருக்கிறான். கம்பி தாங்குமா என்று பார்க்க இந்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருகிறார்.