தட்டிப் பார்த்தால் தெரியும்

பேராக் மாநிலத்து லுமூட்டில், பங்கோர் தீவுக்கு எதிர்க்கரையில் ஒரு படகுப் பட்டறை. காலை ஏழரைக்கு நான் ஏணியேறியபோது பட்டறைக்காரர் ஒரு படகின் டெக்கில் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டிருந்தார். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று அமுங்கியது. "கேட்டீங்களா தம்பி? இங்க மரம் செத்துப்போச்சு" என்று பென்சிலால் வட்டம் போட்டார்.

படகு தயானா 37. ராபர்ட் பெர்ரி 1970களில் வரைந்தது, தைவானில் கட்டியது. அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றின் டெக்கில் மேலும் கீழும் ஃபைபர், நடுவே இலேசான பால்சா மரம். கயிறு கட்டும் கிளீட்டானாலும், ஓரக் கம்பியைத் தாங்கும் ஸ்டான்சனானாலும் மூன்றையும் துளைத்துத்தான் போல்ட்டு இறங்கும். வருஷங்கள் போகப் போக, போல்ட்டுத் துளையை அடைக்கும் பசை விறைத்துப் பிடி விடுகிறது. ஏறுகிறவர்கள் எல்லாரும் ஸ்டான்சனைப் பிடித்தே ஏறுவதால் அது அசைந்து மயிரிழை வழி விடுகிறது. மழைத்தண்ணீர் பால்சாவை ஊறவைக்கிறது. புகுந்தது ஓரிடம், கீழே கட்டிலில் சொட்டுவது வேறிடம்.

கழற்றிய போல்ட்டு ஒன்றை என் கையில் வைத்தார். தலை பளபளத்தது. டெக்குக்குள் புதைந்திருந்த நடுப்பகுதி அரித்து மெலிந்திருந்தது. காற்றுப் படாமல் உப்புநீரில் கிடந்தால் எவர்சில்வருக்கும் இதே கதி. "இத நம்பித்தான் நடுக்கடல்ல சாஞ்சு நிப்பாங்க" என்றார்.

முன்பு யாரோ கழற்றாமலே சுற்றிலும் சிலிக்கான் பூசியிருந்தார்கள். அதைச் சுரண்டவே அரைநாள் போயிற்று. சிலிக்கானின் மிச்சம் இருந்தால் வேறெந்தப் பசையும் சரியாக ஒட்டாது. அவசரப் பூச்சு எத்தனை பேர் உழைப்பைத் தின்கிறது என்று அன்று பார்த்தேன்.

வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டி, மேல்தகடு கெடாமல் ஊறிய மரத்தை மட்டும் தோண்டியெடுத்தார். குழியை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, தூள் கலந்து குழைத்த எபாக்ஸியால் நிரப்பினார். இறுகியபின் அதன் நடுவே புதுத்துளை. இனிப் பசை தோற்றாலும் தண்ணீருக்கு மரம் அகப்படாது. துளையின் வாயைக் கொஞ்சம் சரித்தார், பசை வளையமாகத் தங்கி நிற்பதற்கு. போல்ட்டுத் தலையடியில் பியூட்டைல் டேப்பை உருட்டிச் சுற்றினார்.

இறுக்க இருவர் வேண்டும். மேலே அவர் போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொள்ள, கீழே அறைக்குள் மல்லாந்து படுத்த அவருடைய மச்சான் நட்டை மட்டும் திருகினார். போல்ட்டு சுழன்றால் ஒட்டு கிழிந்துவிடும். "போதும்டா!" பியூட்டைல் மெல்லப் பிதுங்கும் பொருள் என்பதால் மறுநாள் கால் திருகு, அதற்கடுத்த நாள் இன்னொரு கால் திருகு.

அந்த ஒரு வாரத்தில் முடிந்தவை 3 ஸ்டான்சன்கள். டெக்கில் இன்னும் 11 பென்சில் வட்டங்கள் இருந்தன.