மாமா காட்டிய ரமணர்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் உட்காரத்தான் வருகிறார்கள். பழைய ஹாலில் கண்மூடி அமர ஓர் ஓரம் கிடைத்தால் அவர்களுக்குப் போதும். என் தாய்மாமா நடக்க வருவார். ரமணர் சமாதியில் விழுந்து கும்பிட்ட கையோடு பின்பக்க வாசலைத் தாண்டி மலைப்பாதையில் கால் வைத்துவிடுவார். அவர் இறந்த பிறகு, ஒரு தை மாதத்தில், நான் மட்டும் அந்தப் பாதையில் ஏறினேன்.

மாமாவுக்குச் சம்பளம் கூட்டுறவு வங்கியில், உயிர் மலையில். மாசி பிறந்தால் மூங்கில் தடியோடு வெள்ளியங்கிரி. பிறகு சதுரகிரி. திருவண்ணாமலைக்கு வந்தால் பக்கத்திலிருக்கும் பர்வதமலையை விடமாட்டார். செங்குத்துப் பாறையில் அடித்த கடப்பாரைகளையும் சங்கிலியையும் பற்றி ஏறும் அந்த இடத்தில் என்னை முன்னால் விட்டு, “கீழே பார்க்காதே கண்ணு, அடுத்த பிடியை மட்டும் பாரு” என்பார். நெல்லூர் மாவட்டத்து மல்லி மஸ்தான் பாபுவின் படம் மாமாவின் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. ஏழு கண்டங்களின் உச்சிகளையும் 2006இல் 172 நாட்களில் ஏறி முடித்தவர் அவர். 2015இல் ஆண்டிஸ் மலையில் அவர் இறந்துகிடந்த செய்தி வந்த நாள் மாமா யாரிடமும் பேசவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ரமணர் மேல் அத்தனை பிரியம் ஏன் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. கோவணத்தோடு சாய்ந்து அமர்ந்திருக்கும் அந்தப் படத்தைத்தானே எல்லா வீட்டிலும் பார்க்கிறோம்! மாமா வேறு ரமணரைக் காட்டினார். 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் இங்கே வந்து, 1950 ஏப்ரல் 14 வரை ஊரை விட்டு நகராதவர். ஆனால் 1899 முதல் 1922 வரை விருபாட்சி குகையிலும் கந்தாசிரமத்திலுமாக மலைமேலேயே வாழ்ந்து, காடு மேடெல்லாம் அலைந்தவர். ஒருமுறை ஓடைத்தடத்தில் மிகப் பெரிய ஆலிலை ஒன்றைப் பார்த்து, இவ்வளவு பெரிய இலை விடும் மரம் எங்கே நிற்கிறது என்று தேடிக் கிளம்பினார். வழியில் புதரிலிருந்த குளவிக்கூட்டில் தொடை இடித்துவிட்டது. தான்தான் அவற்றின் வீட்டைக் கலைத்தவன் என்று எண்ணி, காலைக் கொட்டிக்கொள்ளக் கொடுத்து நின்றார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மாமாவின் குரல் மாறும். மலையேறத் தெரிந்தவன் யார் என்பதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் அதுதான்.

கற்கள் பதித்த பாதை நிதானமாக ஏறுகிறது. இரண்டு பக்கமும் மரங்கள். மாமாவின் இளமையில் இந்தச் சரிவு ஏறக்குறைய மொட்டையாக இருந்ததாம். கோடையில் புல் தீப்பிடித்து இளங்கன்றுகளையும் கொண்டுபோய்விடும். தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் கன்று நட்டு, தண்ணீர் சுமந்து, தீத்தடுப்புக் கோடு வெட்டி வளர்த்த பச்சை இது. வழியில் மாக்கல் செதுக்கி விற்பவர் ஒருவர் மாமாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். உளியைக் கீழே வைத்துவிட்டு, “நல்ல மனுஷன்மா. ஏறும்போதும் பேசுவாரு, இறங்கும்போதும் பேசுவாரு” என்றார்.

ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகி ஊர் முழுக்கத் தெரிகிறது. பதினொரு நிலை ராஜகோபுரம், 217 அடி, இங்கிருந்து உள்ளங்கையில் அடங்கும். கொஞ்சம் தள்ளிக் கந்தாசிரமம். சுனை, தென்னை, குளிர்ந்த திண்ணை. 1922 மே 19 அன்று ரமணரின் தாய் அழகம்மை இங்கேதான் மகனின் கை தன்மேல் இருக்க உயிர்விட்டார். உடலை அடிவாரத்தில் பாலி தீர்த்தத்தருகே அடக்கம் செய்தார்கள். ரமணர் இங்கிருந்து அந்தச் சமாதிக்கு இறங்கிப் போவதும் திரும்ப ஏறுவதுமாக இருந்தார். சில மாதங்கள் கழித்து ஒருநாள் போனவர் மேலே திரும்பவில்லை. அங்கேயே தங்கிவிட்டார். இன்று நாம் பார்க்கும் ஆசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான். இறந்த தாயிடம் ரமணர் நடந்து போன பாதையில்தான் நான் ஏறி வந்திருக்கிறேன் என்பது திண்ணையில் அமர்ந்தபோது உறைத்தது. பலமுறை இங்கே வந்திருந்தும் அதுவரை அழாத நான் அன்று அழுதேன்.

மேலே உச்சிக்குப் போக மனம் இழுத்தது. மலை 2,668 அடி. உச்சிக்குக் கட்டுப்பாடு உண்டு, நான் போகவில்லை. மாமாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் மாண்டபோது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இது: “மலை சரின்னு சொல்லணும். நம்ம ஆசை சரின்னு சொன்னா போதாது.” 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் இதே மலை சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் புதைந்ததைப் பார்க்க அவர் இல்லை. இருந்திருந்தால் மண்வெட்டியோடு முதல் ஆளாகப் போயிருப்பார்.

மலையில் ரமணரைக் கண்ட விறகு பொறுக்கும் கிழவி ஒருத்தி, ஓரிடத்தில் சும்மா உட்காராமல் ஏன் இப்படி வெயிலில் அலைகிறாய் என்று ஏசினாளாம். அதை அவர் பிற்காலத்தில் ரசித்துச் சொல்லியிருக்கிறார். அம்மாவும் தன் தம்பியைக் காலமெல்லாம் அதே சொல்லால்தான் ஏசினாள். வாசலில் முதுகுப்பையைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவாள். ஆனாலும் புளிசாதப் பொட்டலம் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

கீழே வந்து இலுப்பை மரத்தடியில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“நானும் அங்க ஏற முடியுமா?”

“நல்ல பாதைம்மா. மெதுவாப் போகலாம். அடுத்த மாசம் கூட்டிட்டு வரேன்.”

“அவன் எந்த இடத்துல உக்காருவான்னு காட்டுவியா?”

“மாமா உக்காரவே மாட்டாரும்மா.”

“அப்ப எங்கெல்லாம் நடந்தானோ அதைக் காட்டு” என்றாள்.