ரெய்டு 0: வேகத்துக்கு ஒரு டிஸ்க், வாக்குமூலத்துக்கு வேறு டிஸ்க்

'ரெய்டு' என்றதும் நம் தோழர்களுக்குப் போலீஸ் ஜீப்தான் நினைவுக்கு வரும். இது வேறு ரெய்டு. பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க்காக வேலை வாங்கும் முறை. மோகனூரில் கள ஆய்வு வீடியோக்களைத் தொகுக்க ஒரு டெஸ்க்டாப் அமைத்தபோது, இதைப் பற்றி நாங்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஊர் ஊராகப் பதிவு செய்யும் மாணவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர் முன்வைத்த யோசனை இது. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான பல டிஸ்க்குகள். ஒன்று கெட்டாலும் தகவல் அழியாதபடி கூடுதலாக ஒரு காப்பு. ரெய்டு 0இல் அந்தக் காப்பு கிடையாது. பெயரில் உள்ள சுழியம் அதைத்தான் சொல்கிறது.

ஒரு வீடியோவைச் சிறு துண்டுகளாக்கி, முதல் துண்டை ஒரு டிஸ்க்கிலும் அடுத்ததை இன்னொன்றிலும் மாற்றி மாற்றி எழுதுவது இதன் வேலை. இரண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் உழைப்பதால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டு 1 டிபி டிஸ்க்குகள் 2 டிபியாகத் தெரியும். ஆனால் ஒன்று கெட்டால் மற்றதில் இருப்பது பாதிப் பாதித் துண்டுகள்தான். ஒரு டிஸ்க் ஓராண்டில் கெடும் வாய்ப்பு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் இப்படிக் கோத்தபின் எல்லாம் போகும் வாய்ப்பு 9.75 சதவீதம்.

அமைப்பது எளிது. மதர்போர்டின் பயாஸில் சாட்டா முறையை ஏஎச்சிஐயிலிருந்து ரெய்டுக்கு மாற்றி, இரு டிஸ்க்குகளையும் தேர்வு செய்தால் போதும். அப்போது அவற்றில் ஏற்கெனவே இருந்தவை அழிந்துவிடும். பிறகு மதர்போர்டே பழுதானால், அதே வகை ரெய்டு வசதியுள்ள வேறு போர்டைத் தேட வேண்டிவரும்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? எங்கள் மாவட்டத்துத் திருச்செங்கோட்டை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூன் 23 அன்று அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போன தலித் இளைஞர் கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். வழக்கில் கோயிலின் கண்காணிப்பு கேமரா பதிவு முக்கியச் சாட்சியமானது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023 ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. மிரட்டினால் மனிதர்கள் பிறழ்சாட்சி ஆகலாம். ஒழுங்காகப் பாதுகாத்த பதிவு பிறழாது.

அதனால் எங்கள் ஏற்பாடு இது. ரெய்டு 0 தொகுப்பு வேலைக்கு மட்டும். அதில் இருப்பதெல்லாம் வேறு இடத்தில் இருப்பதன் நகல். மூலப் பதிவு ரெய்டு 1இல், அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றுபோல எழுதப்படும். அதுவும் போதாது. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும்; திருட்டுப் போனால் இரண்டும் போகும். எனவே பூட்டுச்சொல் போட்ட எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறு ஊரில். பேசியவரின் முகமும் பெயரும் அதில் இருக்கிறதே. பூட்டுச்சொல் இல்லாமல் எங்கும் அனுப்புவதில்லை.

பணம் குறைவு என்றால் வேகத்தை விடுங்கள். இரண்டாவது டிஸ்க்கை வாங்கிக் கோக்காதீர்கள், நகலெடுங்கள். வீடியோ ஒரு மணி நேரம் தாமதமாக வெளிவந்தால் யாருக்கும் நட்டமில்லை.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் எண்ணையும் குறிப்பிட வேண்டும். பதிவு செய்த அன்றே எஸ்எச்ஏ 256 எண்ணைக் கணக்கிட்டு, தேதியுடன் நோட்டில் எழுதிவையுங்கள். கோப்பை நகலெடுத்தால் அந்த எண் மாறாது. ஒரு நொடி வெட்டினாலும் மாறிவிடும். மூலப் பதிவில் கை வைக்கவே கூடாது என்பது இதனால்தான்.

நம் மக்கள் மீது நடந்தவற்றை எழுதிவைத்த ஏடுகள் பெரும்பாலும் அடுத்தவர் கையில் இருந்தவை. இப்போது பதிவு நம் கையில் இருக்கிறது. மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய், டிஸ்க் போய்விட்டது அம்மா, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கில்லை.