பிள்ளை பிறக்கும் நேரம்

2024 நவம்பரில் பெர்த் டெஸ்ட் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு ரோகித் சர்மாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. அவர் அந்த ஆட்டத்தில் ஆடவில்லை. பும்ரா தலைமையேற்றார், இந்தியா 295 ரன் வித்தியாசத்தில் வென்றது. பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்துக்கு வெளியே நாம் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையில் அந்த வாரம் முழுவதும் இதே பேச்சு. கேப்டன் இப்படிச் செய்யலாமா என்று ஒரு பெரியவர் குறைபட்டுக்கொள்ள, "ஊட்ல பொண்டாட்டி வலில கெடக்க சொல்லோ, இவன் எங்கயோ மட்டைய புடிச்சின்னு நிக்கணுமா?" என்று ஓர் இளைஞர் மடக்கினார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போவதா, களத்தில் நிற்பதா என்பது ஆட்டக்காரரின் விருப்பம் என்றே இருவரும் எடுத்துக்கொண்டார்கள். நமக்கு ஐயம் எழுந்தது அந்த இடத்தில்தான்.

2020ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியப் பயணத்தை நினைத்துப் பார்க்கலாம். முதல் டெஸ்ட் முடிந்ததும் நாடு திரும்ப விராட் கோலிக்குக் கிரிக்கெட் வாரியம் முன்கூட்டியே விடுப்பு அளித்திருந்தது. டிசம்பர் 19 அன்று அடிலெய்டில் அணி 36 ரன்னுக்குச் சுருண்டது. அந்த அவமானத்துக்குப் பிறகும் அவர் சொன்னபடியே புறப்பட்டார். ஜனவரி 11 அன்று மகள் பிறந்தாள். அணியை நட்டாற்றில் விட்டுப் போனார் என்று ஏசியவர்கள் உண்டு. தொடரை ரகானே 2-1 என்று வென்று கொடுத்ததும் ஏச்சு தானாக அடங்கியது.

அதே பயணத்தில் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜனும் இருந்தார். கூலி நெசவாளி ஒருவரின் மகன். தாய் சாலையோரக் கடை நடத்தியவர். 2020 நவம்பரில், அமீரகத்தில் ஐ.பி.எல். இறுதிக்கட்ட ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்த வேளையில், அவருடைய முதல் குழந்தை பிறந்தது. அந்த நாள்களில்தான் டிவில்லியர்ஸின் குச்சியை ஒரு யார்க்கரால் பெயர்த்தார். ஊருக்குத் திரும்பவில்லை. வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக அங்கிருந்து நேரே ஆஸ்திரேலியா சென்றார். காயம்பட்ட வருண் சக்கரவர்த்திக்குப் பதிலாக இருபது ஓவர் அணியில் இடம் கிடைத்தது. பிறகு ஒருநாள் அணி. ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் அறிமுகம். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். மகளின் முகத்தை நேரில் காண அவர் ஜனவரி மூன்றாம் வாரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கவாஸ்கர் அந்த டிசம்பரில் எழுதிய பத்தியொன்றில் இவ்விருவரையும் அருகருகே நிறுத்தி, ஆளுக்கொரு விதி இருப்பதைச் சுட்டிக்காட்டினார். சொன்னவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. 1976 பிப்ரவரியில் மகன் ரோகன் பிறந்தபோது அவரே வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தவர். 2015 பிப்ரவரியில் மகள் பிறந்தபோது உலகக் கோப்பைக்காக ஆஸ்திரேலியாவில் இருந்த தோனி, நாட்டுக் கடமையே முதன்மை என்று பேசினார். அதை அவருடைய தேர்வாகக் கொள்ளலாம். தோனி ஊருக்கு வந்து திரும்பியிருந்தாலும் அவருடைய இடத்தை யாரும் பறித்திருக்க முடியாது. நடராஜனின் நிலை அதுவன்று. கொரோனாக் காலம், தனிமைப்படுத்தல், மூடிய வளையம் என்று ஆயிரம் கட்டுப்பாடுகள். வலைப்பந்துவீச்சாளர் ஒருவர் விடுப்புக் கேட்டுப் போனால் அந்த இடத்துக்கு அன்று மாலையே வேறொருவர் வந்திருப்பார். நாம் அதைத் தியாகம் என்று கொண்டாடினோம். சின்னப்பம்பட்டியில் அவரைக் குதிரை பூட்டிய தேரில் ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள். கொண்டாட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மறுக்க வழியற்ற ஒருவரின் இழப்புக்குத் தியாகம் என்று பெயர் சூட்டும்போது, அந்த நிலையில் அவரை நிறுத்தியவர்கள் யார் என்ற கேள்வி மறைந்துபோகிறது.

பேசின் பிரிட்ஜில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய கதையன்று. சென்ட்ரலுக்கு வந்து சேரும் வண்டிகளைக் கழுவிப் பழுதுபார்த்து மறுபயணத்துக்கு ஆயத்தம் செய்யும் யார்டு இங்கே இரவு பகலாக இயங்குகிறது. அந்தப் பக்கம் துறைமுகம், கன்டெய்னர் லாரிகள், காசிமேட்டு விசைப்படகுகள். எல்லாமே ஆள் வீட்டில் இல்லாமல் நடக்கும் தொழில்கள். நம் தந்தையார் சரக்கு வண்டியில் கார்டாக இருந்தார். தம்பி பிறந்த இரவில் அவர் ஜோலார்பேட்டை ரன்னிங் ரூமில் உறங்கிக்கொண்டிருந்தார். செய்தி மறுநாள் மாலைதான் போய்ச் சேர்ந்தது. இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கு அவர் வந்து நின்ற கோலம் நமக்கு மறக்கவில்லை. சட்டையெல்லாம் புழுதி, தூக்கமில்லாத சிவந்த கண், கையில் கொடியும் விளக்கும் வைத்த பை. ஆயா குழந்தையை நீட்டியபோது, கை அழுக்கு என்று வாங்க மறுத்துவிட்டார்.

அன்று அவருக்கு விடுப்புக் கேட்கும் உரிமை ஏட்டளவில்கூடக் கிடையாது. மத்திய அரசு ஊழியரான தந்தையருக்கு 15 நாள் விடுப்பு என்ற ஏற்பாடு 1997இல்தான் வந்தது. தனியார் துறையில் தாய்க்கு 26 வார விடுப்பு என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. தந்தைக்கு இன்றளவும் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. எண்ணூர்ச் சாலையில் லாரி ஓட்டுபவர் மனைவியின் பிரசவத்துக்காக வண்டியை நிறுத்தினால் அன்றைய கூலி போகும். சில வேளை வண்டியே கைவிட்டுப் போகும்.

சங்கப் பாட்டு நடத்தும் தொழிலில் இருப்பதால் இந்த விவாதம் எழும்போதெல்லாம் நம் மனம் புறநானூற்றின் 100ஆம் பாட்டுக்கே ஓடுகிறது. அதியமான் நெடுமான் அஞ்சி தன் மகனை முதன்முதல் கண்ட நேரத்தை ஔவையார் பாடியது. அவன் கையில் வேல் இருக்கிறது, காலில் கழல் இருக்கிறது. உடம்பில் வியர்வை, கழுத்தில் ஆறாத புண். பகைவரைச் சினந்து நோக்கிய கண்கள் மகனை நோக்கிய பிறகும் சிவப்பு மாறவில்லை என்று பாட்டு முடிகிறது. வீரத்தின் உச்சம் என்றே இதை வகுப்பில் விளக்குவது வழக்கம்; அது பிழையுமன்று. எனினும் ஔவையின் கண் எதையும் தப்பவிடுவதில்லை. ஆள் வந்து சேர்ந்துவிட்டான், ஆனால் போர்க்களம் இன்னும் அவனை விடவில்லை என்பதும் அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பொன்முடியாரின் கடமைப் பட்டியலை எல்லோரும் அறிவோம். அதில் ஈன்று வளர்ப்பது தாயின் பங்கு. தந்தையின் பங்கு மகனைச் சான்றோனாக்குவது. பிரசவ நேரத்தில் தந்தைக்கு அங்கே வேலையே கொடுக்கப்படவில்லை. இரண்டாயிரம் ஆண்டாக நாம் அந்தப் பட்டியலைத் திருத்தாமலே வைத்திருக்கிறோம் போலும்.

தந்தையரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் முழுமையாகாது. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஹரிகா துரோணவல்லி ஒன்பதாம் மாதக் கருவோடு பலகையின் முன் அமர்ந்தார். ஆகஸ்ட் 9 அன்று நம் மகளிர் அணி வெண்கலம் வென்றது. ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் பெற்ற முதல் பதக்கம் அது. சில வாரங்களுக்குள் அவருக்கு மகள் பிறந்தாள். பிரசவத்துக்குப் போவதா, போட்டிக்குப் போவதா என்ற கேள்வி ஆணுக்கு வருவதுபோல் பெண்ணுக்கு வருவதில்லை. பிரசவம் அவரோடு சேர்ந்தே பலகைக்கு வந்துவிடுகிறது. அவர் ஆடியதற்கு மருத்துவரின் அனுமதி, அணியின் ஒத்துழைப்பு, அமைப்பாளர்களின் ஏற்பாடு எல்லாம் தேவைப்பட்டன. அவருக்குச் சுற்றியிருந்தவர்கள் வழி செய்தார்கள். அப்படி வழி செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

கோலி போனது சரியா, தோனி நின்றது சரியா என்று தீர்ப்புச் சொல்லும் எண்ணம் நமக்கில்லை. அது அவரவர் வீட்டுக் கதவுக்குள் முடிவாக வேண்டியது. நாம் கேட்க விரும்புவது வேறு. கேட்டால் விடுப்புக் கிடைக்கும், கேட்ட காரணத்தால் இடம் போகாது என்ற உறுதி கேப்டனுக்கு இருக்கிறது. அதே உறுதி வலையில் பந்து வீசுபவருக்கும், சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் போகிறவருக்கும், எண்ணூர்ச் சாலையில் வரிசையில் நிற்கும் லாரிக்காரருக்கும் இருக்க வேண்டும். அதன் பிறகும் ஒருவர் களத்திலேயே நின்றால், அப்போது அதைத் தியாகம் என்று தாராளமாகச் சொல்லலாம்.